மலை என்று சொல்லிவிட்டேன்

கோயா மலைக்கு வா வா என்று
மூன்று வருடம் கூப்பிட்டாள் ஜெசிந்தா.
சனி ஞாயிறு போதும்,
ஒசாகாவில் ரயில் ஏறினால்
கடைசியில் கம்பி இழுத்துப் போகும் ஒரு பெட்டி,
மடத்தில் பாய், விடியலில் பிக்குகள்,
உப்புக் குறைந்த கஞ்சி.
நான் சிப்காட்டில்
கழிவுநீரின் அமிலம் அளந்துகொண்டிருந்தேன்.
பாஸ்போர்ட்டுக்குப் படம்கூட எடுக்கவில்லை.

இப்போது அவளே திரும்பிவிட்டாள்.
முத்தியால்பேட்டையில் அம்மா வீடு,
இன்னும் திறக்காத இரண்டு பெட்டிகள்.
"உங்க கடலூர்ல மலை ஏதாவது இருக்காடி?"
இருக்கு என்று சொல்லிவிட்டேன்.
கோயில் இருக்கு, ஆறு இருக்கு,
ஆறு அங்கே வந்ததும் வடக்கே திரும்பும்.
பொய்யில்லை.
உயரத்தை மட்டும் சொல்லவில்லை.

திருவந்திபுரம் டவுன் பஸ்ஸில்
பாதிப் பேர் பட்டுப்புடவை.
மறந்தே போனேன், முகூர்த்த ஞாயிறு.
இறங்கினால் தெருவெல்லாம் வேன்,
ஒரே நாதஸ்வரம் நாலு கல்யாணத்துக்குக் கேட்கிறது,
மைக்கில் யாரோ
"மாலை மாறிப் போச்சு, பச்சை சட்டை மாப்பிள்ளை
கொஞ்சம் வரவும்" என்கிறார்கள்.

அவள் அண்ணாந்து பார்த்தாள்.
"மலை எங்கே?"
"இதுதான்."
சிரித்துச் சிரித்து
பூக்காரியின் கூடையைப் பிடித்துக்கொண்டாள்.

அனுமன் கொண்டுபோன மருந்து மலையில்
கைதவறி விழுந்த துண்டாம் என்றேன்.
"எந்த நோய்க்காம்?"
அதை யாரும் எழுதி வைக்கவில்லை.

எழுபத்துநாலு படி என்பார்கள்.
எண்ணிக்கொண்டே ஏறினோம்.
முப்பதாவது படியில்
ஒரு புதுமாப்பிள்ளை தனியாக உட்கார்ந்து
செருப்புக் கடித்த காலை ஊதிக்கொண்டிருந்தான்.
நாற்பதில் அவள் சொன்னாள்:
அங்கே மரங்களுக்கு அடியில் சமாதிகள்,
பாசி ஏறி, பனி ஏறி.
நடுவே இத்தனூண்டு கல் பொம்மைகள்,
மொட்டைத்தலை,
கழுத்தில் சிவப்புத் துணி,
குழந்தைக்குச் சோறூட்டும்போது கட்டுவோமே
அந்த மாதிரி.
"நானும் ஒண்ணுக்குக் கட்டினேன்."

யாருக்கு என்று கேட்டிருக்கலாம்.
கேட்க வாய் திறந்தபோது
போன தை மாதம் அவள் போனை எடுக்காத
இரண்டு வாரம் ஞாபகம் வந்தது.
காய்ச்சல் என்று பிறகு
ஒற்றை வரி அனுப்பியிருந்தாள்.
நானும்
கட்டைவிரல் படம் ஒன்று அனுப்பினேன்.

எண்ணிக்கை விட்டுப்போனது.
எழுபத்தொன்று என்றாள், எழுபத்தாறு என்றேன்.
இறங்கி மறுபடி ஏறலாமா என்று
இருவருமே கேட்கவில்லை.
மேலே குதிரைமுகச் சாமி முன்னால்
பரீட்சைப் பிள்ளைகள் பேனா வைத்துக் கும்பிட்டார்கள்.
அவள் சிலுவைச் சங்கிலியைச்
சுடிதாருக்குள் விட்டுக்கொண்டு
சும்மா நின்றாள்.
யாரும் எதுவும் கேட்கவில்லை.
அப்பால் கெடிலம்,
தண்ணீரைவிட மணல் அதிகம்.

கீழே கோயில் கிணற்றில் போட
மிளகும் வெல்லமும் உப்பும்
ஒரே பொட்டலமாக விற்கிறார்கள்.
மிளகைப் போட்டாள்.
வெல்லத்தைப் போட்டாள்.
உப்பை மட்டும் கைப்பைக்குள் வைத்துக்கொண்டாள்.
பின்னால் நின்ற அம்மாள்,
"அதையும் போட்டுடும்மா, சேர்த்துதான் போடணும்" என்றார்.
"அப்புறம் வந்து போடுறேன்."
ஏதோ கடன் சொல்கிற குரல்.

எந்தக் கல்யாணம் என்று தெரியாமல்
ஒரு பந்தியில் உட்கார்ந்தோம்.
மாப்பிள்ளை வீடா பெண் வீடா என்றதற்கு
அவள் பெண் வீடு என்றாள்,
நான் மாப்பிள்ளை வீடு என்றேன்.
இரண்டு பேருக்கும்
ரசத்துக்குப் பிறகு பாயசம் இரண்டு முறை.

புதன்கிழமை இரவு போன்.
"அந்த உப்பு கசிஞ்சுடுச்சுடி.
பை முழுக்க ஈரம்.
ரயில் டிக்கெட், மடத்து ரசீது,
அங்கே எழுதின சீட்டு ஒண்ணு,
எல்லாம் ஊறிப்போச்சு."

கொடியில் காயப் போட்டிருக்கிறாளாம்.
நான் ஒன்றும் சொல்லாமல் இருந்தேன்.
இந்த முறை
போனை வைக்கவில்லை.