தெருக்குத்து

எங்கள் பதினெட்டு லட்சம்
மாட்டுத்தாவணியிலேயே இறங்கப் பார்த்தது.
"இன்னும் போகணும்மா" என்றார்
புரோக்கர் சோணைமுத்து.
ஒத்தக்கடையும் தாண்டி,
யானைமலையின் முகம் போய்
முதுகு வந்த பிறகு
ஒரு வீடு.

ஒன்றே முக்கால் சென்ட்.
போர் தண்ணீரை வாயில் விட்டுத் துப்பினான் காசிராசன்.
"குளிக்க ஆகும்."

மூணு லட்சம் ஏன் கம்மி என்றேன்.
சோணைமுத்து தன் செருப்பைப் பார்த்தார்.
தெரு நேராக ஓடிவந்து
வாசலில் முட்டி நின்றது.
"ஒரு பிள்ளையார வச்சா சரியாப்போகும்.
நாலாயிரந்தான்."

அதையும் நான்
கடனில் கூட்டிக்கொண்டிருக்கையில்
அவன் வாசற்படியில் நின்று
தெருக்கோடி வரை பார்த்தான்.
"ஆஸ்பத்திரியில நைட் டூட்டி முடிஞ்சு
நீ முக்கு திரும்பும்போதே தெரியும்.
தோசைக்கல்லைப் போட்டுறலாம்."

அட்வான்ஸ் கொடுத்தோம்.
பிள்ளையார்
அடுத்த போனஸில்.