இரண்டு எர்த்

கிடாரைத் தொடுவதற்கு முன்பே அது வந்துவிட்டது.
ஆம்ப் சுவிட்சைப் போட்டதும் ஒரு
ம்ம்ம்ம்.
ஒப்புக்கொள்ளாமல் யாரோ
கேட்டுக்கொண்டே இருப்பது போல.

கேபிளை மாற்றினேன். புதுசு, எண்ணூறு ரூபாய்.
அதிலும் அதே சுருதி.
ஜி-க்குக் கொஞ்சம் மேலே, ஜி ஷார்ப்புக்குக் கீழே,
எங்கள் எந்தப் பாட்டிலும் சேராத இடம்.

முத்தியால்பேட்டையில் ரெமி வீட்டு மாடி.
கீழே வீடு பிரிந்து பதினோரு வருடம்.
தெற்குப் பாதி ரெமியின் அப்பாவுக்கு,
வடக்குப் பாதி பெரியப்பா ஸ்தனிஸ்லாஸுக்கு.
கூடத்தின் நடுவே செங்கல் சுவர்,
பூச்சு ஒரு பக்கம் மட்டும்.
பத்திரத்தில் எழுத மறந்துபோனதால்
மாடி அறை இன்னும் பொது.

பெடல்களை ஒவ்வொன்றாகக் கழற்றினேன்.
டிலே போனது. சத்தம் இருந்தது.
கோரஸ் போனது. இருந்தது.
டிஸ்டார்ஷன் போனதும் கொஞ்சம் அடங்கியது.
ஆனால் சண்டை போட்டது அதுவல்ல,
சண்டையை ஊருக்குச் சொன்னது.
எல்லாவற்றையும் விட்டு
நேராக ஆம்ப்பில் செருகினால்
சுத்தம்.

கார்வேந்தன் டிரம்ஸிலிருந்து எழுந்து வந்தான்.
'ஆம்ப் பிளக்குல மூணாவது பின்னை உடைச்சிடு மச்சி.
எர்த் போனா சத்தமும் போயிடும்.'
போகும். உண்மைதான்.

போன வருடம் வில்லியனூரில் ஒரு கல்யாண மேடை,
பின் உடைந்த ஆம்ப்.
விரல் கம்பியில், உதடு மைக்கில்.
நீல நிறத்தில் ஒரு முத்தம்.
இரண்டு நாளைக்கு டீயில் சர்க்கரை தெரியவில்லை.

இடுக்கியை அவனிடமிருந்து வாங்கி
அதன் மேலேயே உட்கார்ந்துகொண்டேன்.

உட்கார்ந்தபோதுதான் வயர்கள் கண்ணில் பட்டன.
ஆம்ப் தெற்குச் சுவரில்.
பெடல்களின் பவர் சப்ளை வடக்குச் சுவரில்,
ஜன்னலோரம் வசதி என்று.
தெற்கு பிளக் அப்பாவின் மீட்டர்,
வடக்கு பிளக் பெரியப்பாவின் மீட்டர்.
மீட்டருக்கு ஒன்றாக இரண்டு எர்த் குழி:
ஒன்று கிணற்றடியில், எப்போதும் ஈரம்.
இன்னொன்று முருங்கைக்கு அடியில்,
மே மாதத்திலும் ஒரு குடம் தண்ணீர் காணாதது.

ஒரே மண்.
இரண்டும் நான்தான் பூஜ்யம் என்கின்றன.
இதன் பூஜ்யத்தைவிட அதன் பூஜ்யம்
முக்கால் வோல்ட் உசத்தி.
அந்த முக்கால் வோல்ட்தான்
என் எண்ணூறு ரூபாய் கேபிளின் உறை வழியே
போய்ப் போய் வந்துகொண்டிருந்தது.

எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் ஒன்று போதும்,
எல்லாம் ஒரே பிளக்கில்.
ரெமி தயங்கினான்.
'எந்தப் பிளக்குல?'
பில் விஷயம்.
பத்து நிமிடம் பேசினோம், பாட்டைப் பற்றிக்கூட
அவ்வளவு பேசியதில்லை.
ஒற்றைப்படை மாதம் வடக்கு,
இரட்டைப்படை மாதம் தெற்கு.
இது ஆகஸ்ட்.

சுவிட்சைப் போட்டேன்.

ஒன்றுமில்லை.
தெருவில் பன் விற்பவனின் ஹார்ன்,
அதற்குப் பின்னால், அலை என்று நினைக்கிறேன்.
அப்புறம் கூர்ந்து கேட்டால்
டியூப்லைட்டின் மெல்லிய ர்ர்ர்.
அது வேறு வியாதி, பிக்கப் பிடித்துக்கொள்கிறது.
உடம்பைத் திருப்பித் திருப்பிப் பார்த்ததில்
கக்கூஸ் கதவைப் பார்த்து நின்றால் குறைகிறது.
அப்படியே நின்றேன்.

வடக்கு ஜன்னலுக்குக் கீழிருந்து
ஸ்தனிஸ்லாஸின் குரல்:
'மேல இன்னிக்கு யாரும் வரலையா?'

ரெமி என்னைப் பார்த்தான்.
நான் தடித்த ஈ கம்பியை
ஒரு தட்டு தட்டினேன்.