எது கூடுதலோ அது

சாங்கி சரக்குக் கூடம், ஏழாம் வாசல்.
பதினேழு வருடமாக எடை பார்க்கிறேன்.
தலையணைப் பெட்டி ஒன்று வரும்.
தராசில் பதினொரு கிலோ.
நீளம் அகலம் உயரம் பெருக்கி
ஆறாயிரத்தால் வகுத்தால்
அறுபது.
அறுபதுக்கே கட்டணம்.
பஞ்சுக்கு ஏன்யா இரும்பு விலை என்று
கத்தாத வியாபாரி இல்லை.
வானத்தில் இடம்தான் எடை என்பேன்.
எது கூடுதலோ அது. விதி அவ்வளவுதான்.

பிப்ரவரி, வெள்ளிக்கிழமை.
இரவு வேலை முடிந்தும் படுக்காமல்
தெம்பனிஸ் காப்பிக்கடையில் உட்கார்ந்திருந்தேன்.
மதுவந்தி வந்தாள், சீருடையில்,
முடிவுத்தாளை நாலாக மடித்து.
தே ஓ சொன்னாள். குடிக்கவில்லை.

கணிதம் ஏ. வேதியியல் பி.
பொருளியல் சி. பொதுத்தாள் பி.
தமிழ் ஏ என்றபோது மட்டும்
குரல் கொஞ்சம் நிமிர்ந்தது.
புவியியலைச் சொல்லாமல்
விரலால் காட்டினாள். சி.

இருபது, பதினேழரை, பதினைந்து, எட்டே முக்கால்:
கைப்பேசியில் தட்டித் தட்டி
எழுபதுக்கு அறுபத்தொன்றே கால்.

"தமிழ் எங்கே?"
"இருங்கப்பா. மேல தூக்கினாத்தான் சேர்ப்பாங்க.
இல்லன்னா விட்டுடுவாங்க."
எண்பதாக்கி, திரும்ப எழுபதுக்குச் சுருக்கி
அறுபத்திரண்டு புள்ளி மூன்று நான்கு.
பத்துக்குப் பத்து வாங்கிய தமிழ்
மூட்டையில் ஏறும்போது
ஒன்றும் ஒரு கொசுறும்.
ஆனாலும் ஏறியது.

"புவியியலையும் போட்டுப் பாரேன்."
போட்டாள்.
அறுபத்தொன்றே கால்.
மறுபடி தட்டினாள்.
அதே அறுபத்தொன்றே கால்.
சிரித்துவிட்டாள். "தமிழ் ஏத்தினதை
இது அப்படியே இறக்கிடுச்சுப்பா,
ஒரு புள்ளி பிசகாம."
சிரிப்பு முடிவதற்குள் கண்
வேறெங்கோ போய்விட்டது.

ஆகவே புவியியல் கணக்கில் இல்லை.
இரண்டு வருடம். அவள் அறைக் கதவின் பின்னால்
பருவக்காற்றின் அம்புகள், பச்சை மையில்.
பொருளியலைக் கொட்டாவி விட்டுப் படித்தவள்
இதற்கு மட்டும் விடிய விடிய விழித்தாள்.
அந்தச் சி இருபதில் பதினைந்து,
இந்தச் சி பத்தில் ஏழரை;
அது உள்ளே, இது வெளியே.
எங்கள் கூடத்தில் இதற்கு ஒரு சொல் உண்டு,
விமானம் நிரம்பியதும் பெட்டியைத் தரையில் விடுவதற்கு.
அதை அவளிடம் சொல்லவில்லை.

அடுத்த மேசையில் அவள் தோழி ஷு யின்
அழுதுகொண்டே கரண்டியால் கஞ்சியைக் கிளறினாள்.
அவளுக்கு அறுபத்தெட்டாம்.
மருத்துவத்துக்குப் போதுமா என்று
அவள் அம்மா யாருக்கோ மூன்றாம் முறையாகப் போன் செய்தார்.
போதுமா போதாதா என்பது
விண்ணப்பிக்கும் மற்ற பிள்ளைகள் கையில்.
போன வருடத்து எண், போன வருடத்துக்குத்தான்.

மே மாதம் கடிதம் வந்தது.
மூன்றாவதாக எழுதிய படிப்பு.
"சரி" என்றாள். சரிதானா என்று
நான் துருவவில்லை.

ஜூன், பின்னிரவு மூன்றரை.
மேற்கே ஓசையில்லாமல் மின்னியது.
சுமத்ராவில் புறப்படும் சூறை
விடியுமுன் நம்மைத் தாண்டும் அப்பா,
முதலில் காற்று சட்டென்று குளிரும்,
அதற்கப்புறம் பத்து நிமிஷம்கூடக் கிடைக்காது.
எப்போதோ சோற்றைப் பிசைந்தபடி அவள் சொன்னது.

காற்று குளிர்ந்தது.
வெளியே ஆர்க்கிட் பெட்டிகள், நாற்பத்திரண்டு.
"தார்ப்பாயை இழு" என்று கத்தினேன்.
ரிஸுவானும் ஓடி வந்தான்.
கடைசி முடிச்சுப் போடும்போது
கூரைமேல் கல் கொட்டியதுபோல் மழை.

"எப்படிங்க அண்ணே தெரிஞ்சது?" என்றான்.
நனைந்த கையால்
எடைச்சீட்டைத் தேடிக்கொண்டிருந்தேன்.