எஃப் ஏழு

டுலூத்தில் ஏரி உறைந்த வாரம்
அட்டைப்பெட்டியில் வந்து சேர்ந்தது.
இரண்டரைக் கிலோ, அடியில் இரும்புத் தகடு.
எந்த விசைக்கும் எந்த வேலையும் பழக்கலாம் என்று
அந்தக் காலத்தில் விளம்பரம் செய்து விற்ற ரகம்.
அனுப்பியவன் ஓ கிளேரில் படிக்கிற பையன்.
‘சத்தம் திரும்ப வேண்டும், மற்றதை அழித்துவிடுங்கள்’
என்று ஒரு சீட்டு.

திருகாணிகளை எடுத்தேன்.
ரொட்டித் துகள், காகித ஊசி,
யாருடையதோ செம்பட்டை முடி,
காபி காய்ந்த தீவு ஒன்று.
தொப்பிகளைப் பிடுங்கிச் சோப்புநீரில் போட்டேன்.
பச்சை பூத்த கால்களை உரசி ஈயம் வைத்தேன்.
நினைவைக் காத்துக்கிடந்த பொத்தான் பேட்டரி
மூன்று வோல்ட் காட்டவேண்டிய இடத்தில்
இரண்டு புள்ளி மூன்று.
முப்பது வருடம் மூச்சைப் பிடித்திருக்கிறது.

எஃப் ஏழு மட்டும் குழிந்திருந்தது
அஞ்சலகப் படிக்கட்டுபோல.
கணினியில் செருகி அழுத்தினேன்.
திரை தானாக எழுதிக்கொண்டு போனது:
‘தங்கள் விண்ணப்பத்தைக் கவனமாகப் பரிசீலித்தோம்.
நிராகரிக்க நேர்ந்ததற்கு வருத்துகிறோம்.’

வருந்துகிறோம் அல்ல.
வருத்துகிறோம்.

எனக்கு இந்தக் கடிதத்தைத் தெரியும்.
தாதுக் கப்பல் துறையில் என் தோள் நழுவிய வருடம்
இழப்பீட்டு அலுவலகம் அனுப்பியது இதைத்தான்.
ஒற்று பிசகிய இடத்தை மாரித்திடம் காட்டி
‘பார், உள்ளே ஒருத்தி இருக்கிறாள்,
அதிகாரி கண்ணில் படாமல்
உள்ளதைச் சொல்லிவிட்டாள்’ என்றேன்.
மாரித் சிரித்தாள்.
நான் அந்த ஒருத்தியோடு
எத்தனை இரவு பேசியிருப்பேன்.

ஒரு நாள் அவசரத்தில் ஒரு விரல் தவறியிருக்கிறது.
அப்புறம் எல்லாம் இந்த விசைதான்.
புரோக்டரில், குளோக்கேயில், பாலத்துக்கு அந்தப் பக்கம்,
எத்தனை கதவிடுக்கில் இதே ‘த்’ விழுந்ததோ,
எத்தனை பேர் அவளோடு பேசினார்களோ.

பக்கத்து விசையையும் ஒருமுறை.
‘மகிழ்ச்சியுடன் தெரிவிக்கிறோம்’ என்றது எஃப் எட்டு.
பிழையில்லை. தொப்பியில் பளபளப்பு
கடையில் வாங்கிய அன்று போல.

பேட்டரியைக் கழற்றினால் எல்லாம் போகும்.
கழற்றத்தான் எனக்குக் காசு.
சூட்டுக்கோல் காயும்வரை உட்கார்ந்திருந்தேன்,
காய்ந்த பிறகும் கொஞ்சம்.

விசைக்கு ஐம்பது தட்டு என்பது என் கணக்கு.
எஃப் ஏழுக்கு நூறாகிவிட்டது.
திரையில் ஒன்றும் வரவில்லை.
சத்தம் மட்டும், நல்ல சத்தம்.

ரசீதில் பேட்டரி, ஸ்பிரிங் ஒன்று, தபால் செலவு.
கீழே கையால்:
‘காபிக் கறை முழுக்கப் போகவில்லை. வருந்துகிறேன்.’
அந்த ‘ந்’தை இரண்டு முறை பார்த்துவிட்டு
உறையை ஒட்டினேன்.