வயிற்றுவலிக்காரர்கள்

விளையாட்டுச் சாமான் அறையைத்தான்
எனக்கு ஒதுக்கியிருந்தார்கள்.
செவ்வாயும் வெள்ளியும் தண்டையார்பேட்டை.
மற்ற நாட்களில் எர்ணாவூர்,
ரயில்வே கேட் திறந்தால் கொருக்குப்பேட்டை.

கதவில் 'மனநல ஆலோசனை' என்று தாள் ஒட்டினேன்.
முதல் வாரமே அதன் கீழே
யாரோ ஒரு பைத்தியத்தை வரைந்துவிட்டார்கள்.
நன்றாகவே வரைந்திருந்தார்கள்,
முடி மட்டும் என்னுடையது.
தாளைக் கிழித்துவிட்டேன்.
இப்போது வயிற்றுவலி என்று வருகிறார்கள்.

வயிற்றுவலி என்றால்
எந்த வகுப்பிலும் கேள்வி கேட்காமல் அனுப்புவார்கள்.
அப்பா நேற்று வீட்டுக்கு வரவில்லை என்பதும் வயிற்றுவலி.
வந்தார் என்பதும்.

ஒன்பது 'சி' லோகப்பிரியா ஜூலையில் வந்தாள்.
மேட் சுருட்டி வைத்த மூலையில் உட்கார்ந்து
கைகளைத் துப்பட்டாவுக்குள் வைத்துக்கொண்டாள்.
கேட்டேன். காத்திருந்தேன்.
பயிற்சியில் சொல்லிக்கொடுத்தபடி
தலையை ஒரு பக்கம் சாய்த்து மறுபடி கேட்டேன்.
"கழுத்து வலியா மிஸ்?" என்றாள்.

அன்றைக்கு அவ்வளவுதான்.

அடுத்த செவ்வாய் அவளாகவே பம்பைக் கண்டுபிடித்தாள்.
கூடை நிறைய வாலிபால்கள்,
எப்போதோ காற்றுப் போய்
பழைய சப்பாத்தி மாதிரி மடங்கிக் கிடந்தன.
ஊசியை எச்சிலில் நனைத்துச் செருகி
அடிக்க ஆரம்பித்தாள்.
பம்பு அடிக்க இரண்டு கையும் வேண்டும்.
அப்போதுதான் பார்த்தேன்:
ஐஸில் ஊறி வெளுத்த விரல் நுனிகள்,
நகக்கண் ஓரமெல்லாம் பொடிப்பொடியாய்க் கீறல்.
காசிமேட்டிலிருந்து மூன்றே நிறுத்தம் தள்ளி
வேலை பார்க்கிறவளுக்கு
இறால் உரிக்கிற கை எது என்று
யாரும் சொல்ல வேண்டியதில்லை.

அம்மாவை வரச் சொன்னேன்.
புடவைக் கரை ஈரத்தோடு வந்து
வாசலிலேயே நின்றார்.
"ஸ்கூலுக்கு அனுப்பறேன் இல்ல?" என்றார்.
ஆமாம், அனுப்புகிறார்.
காலை நாலு மணியிலிருந்து ஏழு வரைக்கும்தான்
என்னிடம் பதில் இல்லை.

மாதக் கடைசியில் படிவம் நிரப்ப வேண்டும்.
பிரச்சினையின் தன்மை.
எடுக்கப்பட்ட நடவடிக்கை.
முன்னேற்றம்: ஆம் அல்லது இல்லை.
'பந்துகள், பதினொன்று' என்று எழுதி
அடித்துவிட்டு
'தொடர்கிறது' என்று எழுதினேன்.

செப்டம்பரில், பம்பு சத்தத்துக்கு நடுவே,
என்னைப் பார்க்காமல் சொன்னாள்:
"நான் வந்து ஒக்காந்தா
அந்தப் பொண்ணு ஜன்னலத் தொறக்குது மிஸ்.
கொசு வருதுன்னு நான் மூடுவேன்.
அது திரும்பத் தொறக்கும்.
பேசல்லாம் மாட்டா. தொறப்பா, அவ்ளோதான்."

ஹெப்சிபா மிஸ்ஸிடம் மட்டும் சொன்னேன்.
ஏன் எதற்கு என்று அவர் கேட்கவில்லை.
திங்களன்று எல்லோர் பெயரையும் துண்டுத்தாளில் எழுதி
தன் டிபன் பாக்ஸில் போட்டுக் குலுக்கி
வகுப்பையே இடம் மாற்றினார்.
விதியைப் பாருங்கள்,
அதே பெண்ணின் பக்கத்திலேயே
லோகப்பிரியாவின் சீட்டு விழுந்தது.
நடு வரிசை. மேலே ஃபேன்.
கைக்கெட்டும் தூரத்தில் ஜன்னல் இல்லை.
பத்து நாள் கழித்து
அந்தப் பெண் ஜாமெட்ரி பாக்ஸ் கடன் கேட்டாளாம்.
திருப்பித் தரவில்லையாம்.
இதைப் புகாராகத்தான் சொன்னாள்,
ஆனால் சிரித்துக்கொண்டு.

பிறகு மூன்று வாரம் அவளைக் காணோம்.
விசாரித்தேன். பள்ளிக்கு வருகிறாள்,
இங்கேதான் வரவில்லை.
சந்தோஷப்பட வேண்டிய விஷயம்.
கொஞ்சம் வருத்தமாகவும் இருந்தது,
அதற்குப் படிவத்தில் கட்டமில்லை.

இன்றைக்கு வந்தாள்.
ஆறாம் வகுப்புப் பையன் ஒருவனை
சட்டைக் காலரைப் பிடித்துக் கூட்டிவந்தாள்.
ஒரு காலில் மட்டும் சாக்ஸ்.
முகம் சுவர் பக்கம்.

"இவனுக்கு வயித்து வலி மிஸ்.
ஒண்ணும் கேக்காதீங்க.
காத்து இல்லாத பந்து இருக்கா?"

கூடையைப் பார்த்தேன்.
பதினொன்றும் உப்பிக்கொண்டு கிடந்தன,
அவள் அடித்து வைத்தவை.

இருவரும் மேட்டைப் பிரித்துக்கொண்டிருந்தார்கள்.
நான் திரும்பி நின்று
ஒரு பந்தை வயிற்றோடு அணைத்து
ஊசியைச் செருகி
சத்தம் வராமல்
காற்றை இறக்கத் தொடங்கினேன்.