அரைப்பேர்

மூணு வருசமாய்
டிஸ்பென்சரியில் ஒரே பூச்சிக் குளிசை.
"வாயைக் கட்டு" என்கிறார் கணக்கப்பிள்ளை.
காலையில் ரொட்டி,
மலையில் பத்து மணிக்கு ரொட்டி,
ராவைக்கும் அதுதான்.
கொழுந்து நிறுக்கும் தராசில்
ஒருநாள் விளையாட்டாய் ஏறி நின்றேன்:
முப்பத்தெட்டு.
யாரும் சிரிக்கவில்லை.

டிக்கோயா ஆஸ்பத்திரியில்
புதிதாய் வந்த டொக்டர்
நகத்தைப் பார்த்தாள், கண்ணிமையை இழுத்தாள்,
"என்ன சாப்பிடுவீங்க?" என்றாள்.
இதுவரை யாரும் கேட்காத கேள்வி.

கோதுமை மாவால் இருக்கலாமாம்.
ரத்தம் கொழும்புக்குப் போகணுமாம்.
அதுவரைக்கும் ரொட்டியை நிறுத்தக் கூடாதாம்;
நிறுத்தினால் நோய் ஒளிந்துகொள்ளுமாம்.

ஆகவே சுடுகிறேன்,
தேங்காய்ப்பூ போட்டு, வழக்கம்போல.

வயிறு முறுக்கிப் பாதி மலையில் இறங்கும் நாளில்
செக்ரோலில் எனக்கு அரைப்பேர்.
இந்த நோய்க்கு
அந்த அரையும் இன்னும் விழவில்லை.