ஒன்பதாவது வண்டி

பீனியா இரண்டாம் கட்டத்தில்
ஏசி சொட்டும் அறையொன்றில் உட்கார்ந்து
லாரி கம்பெனிகளின் யோக்கியதை பார்ப்பது என் வேலை.
லாரியைப் பார்ப்பதில்லை. அதன் காகிதத்தைப் பார்ப்பேன்.
ஆர்.சி., எஃப்.சி., இன்ஷூரன்ஸ், நேஷனல் பர்மிட்.
புகைச் சான்றும் உண்டு:
பதினோரு வண்டிக்கும் ஒரே அளவு புகை.

இன்று வந்தது சாம்பவி கேரியர்ஸ்.
பிறந்து ஏழு மாதம்.
விபத்து இல்லை, வழக்கு இல்லை.
கைக்குழந்தைமேல் யார் வழக்குப் போடுவார்கள்?

"ஓகே போட்டுடுங்க மேடம், நாளைக்கே கண்ணாடி லோடு,
கிலோமீட்டருக்கு மூணு ரூபா கம்மி" என்றார் தயானந்த்.
மூன்று ரூபாய் எங்கிருந்து குறைகிறதென்று
எனக்கு எப்போதும் ஒரு சந்தேகம்.
டயரிலிருந்து குறைந்திருக்கலாம்.
தூக்கத்திலிருந்தும்.

சேஸிஸ் எண்ணின் மேல் பென்சில் கரியைத் தேய்த்து
செலோடேப்பால் ஒற்றியெடுத்து ஒட்டியிருந்தார்கள்.
கட்டு முழுக்க லாரியின் உடம்பு பட்ட இடம் அது ஒன்றுதான்;
விரலால் தடவிப் பார்ப்பது என் வழக்கம்.
ஒன்பதாவது வண்டியில் விரல் நின்றது.
வரிசையை விட்டுச் சாய்ந்த ஓர் ஏழு,
பக்கத்து இரண்டின் மேல் தோள் போட்டபடி.

இந்த ஏழை எனக்குத் தெரியும்.

இரும்பு அலமாரி. கீழ்த் தட்டு. கரப்பான் முட்டை.
இரண்டு வருஷத்துக்கு முந்தைய கோப்பு:
மஞ்சுநாதா ரோட்லைன்ஸ், தாபஸ்பேட்டை.
அதே எண். அதே ஏழு. அதே தோள்.
நம்பர் பிளேட் மட்டும் நாகாலாந்து போய்
வேறு பெயரில் திரும்பியிருக்கிறது.
உரிமையாளர் இப்போது உரிமையாளரின் மனைவி.

கோப்பின் கடைசியில் எஃப்.ஐ.ஆர். நகல்.
நெலமங்கலா தாண்டி ஒரு சரிவு, ராத்திரி இரண்டரை.
டயர் பார்க்கக் கீழே போன கிளீனர் சித்தேஷ், வயது பத்தொன்பது.
ஹேண்ட்பிரேக்கைப் பற்றி அதில் ஒரு சொல் இல்லை.
கல்லைப் பற்றி இரண்டு வரி:
சக்கரத்துக்கு முட்டுக் கொடுத்த கல் சின்னது என்று.

முதல் பக்கத்தில்
சரிபார்த்தவர் என்ற இடத்தில் என் கையெழுத்து.
அப்போதெல்லாம் முழுப் பெயரும் எழுதுவேன்.

போன் செய்தேன்.
"அது ஹளே கதெ மேடம்" என்றது குரல்.
சரி, கதை பழசு.
வண்டியும்தான்.

நிராகரிக்கக் காரணம் தேர்ந்தெடு என்றது கணினி.
காலாவதி இல்லை, கையெழுத்துக் குறைவில்லை,
ஒரு காகிதமும் விடுபடவில்லை.
இவ்வளவு சுத்தமான கட்டு இந்த மாதத்தில் இதுதான்.
'மற்றவை'யை அழுத்தினேன்.
எண்பது எழுத்துக்குள் எழுதச் சொன்னது.
நாலு தடவை அழித்து
ஐந்தாவதாக இப்படி வந்தது:
ஒன்பதாவது வண்டி பழையது. ஹேண்ட்பிரேக் பார்க்கவும். கல் சின்னது.

தயானந்த் படித்துவிட்டு
"என்ன கல்லு?" என்றார்.
நாலு மணிக்குள் வேறொரு கம்பெனி பிடித்துவிட்டார்.
மூன்றரை ரூபாய் கம்மி.
அதை நாளைக்குப் பார்க்க வேண்டும்.

மெட்ரோவுக்கு நடக்கும் வழியில்
எடைமேடையை ஒட்டி லாரிகள் வரிசையாக நிற்கும்.
ஆறு வருஷமாக அவற்றுக்கு மூக்கைப் பொத்திக்கொண்டு போகிறவள்
இன்று ஒன்றின் பின்சக்கரத்தருகே குனிந்தேன்.
டீசல் வாசனை. ஒரு நாயின் தூக்கம்.
பல் தேய்த்துக்கொண்டிருந்த டிரைவர்
நுரையைத் துப்பிவிட்டுச் சங்ககிரித் தமிழில் கேட்டார்:
"என்ன தொலைச்சீங்க?"

கல்லைக் காட்டினேன்.
செருப்புக் காலால் ஒரு தட்டுத் தட்டினார்.
நகர்ந்தது.
"போதும்ங்க, இங்க சமதரைதானே" என்றார்.